ஞாபகம் இல்லை என்று சொன்னவன்

அவன் பொய் சொல்கிறான். ஞாபகம் இல்லை என்று அவன் சொன்னது பச்சைப் பொய். தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்களோடு வேலை பார்த்த எவனை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். அந்த ஆளுக்கு எதுவும் மறக்காது என்றுதான் சொல்வான்.

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வேறு வழக்கு வரும் என்று என் வக்கீல் மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதாவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு யாரென்று தெரியும். அவனுக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் லாஷிங் வேலை பார்த்தவர்கள். கப்பலில் கண்டெய்னர்களை அடுக்கிய பிறகு, அவை கடலில் சரிந்துவிடாமல் இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவதுதான் அந்த வேலை. ஆளைவிட நீளமான கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி, கண்டெய்னரின் மூலையில் இருக்கும் ஓட்டைக்குள் கொக்கியை மாட்ட வேண்டும். தோள் இருந்தால்தான் சோறு. பல வருஷம் ஒரே கேங்கில், ஒரே காண்டிராக்டரிடம், பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று கம்பி தூக்கினோம்.

அவன் ஞாபகசக்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அவன் கேங்கில் சேர்ந்த முதல் நாள் டீ சொல்லப் போனது அவன்தான். புது ஆள்தானே போக வேண்டும். ஒருவனுக்குச் சீனி வேண்டாம், ஒருவனுக்கு லைட், ஒருவனுக்குச் சுக்குக் காப்பி, ஒருவனுக்கு ஆற்றாமல் கொதிக்கக் கொதிக்க. ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். திருப்பிக் கேட்காமல் போய் வாங்கி வந்தான். மறுநாள் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரவர் கிளாஸ் அவரவர் கைக்கு வந்துவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைக்கார அண்ணாச்சி அசந்துபோய்விட்டார்.

"ஏலே, நீ கப்பல்ல போயி என்னலே செய்யுத? இங்கன வந்து கல்லாவுல உக்காரு."

"கல்லாவுல உக்காந்தா கடன் வச்சவன் பூரா ஞாபகத்துக்கு வருவான் அண்ணாச்சி. ஒங்க கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து முதல் டீ அவனுக்கு. அவனுக்கு முன்னால் பல வருஷம் அந்தக் கடையில் டீ குடித்தவன் நான். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அண்ணாச்சி இன்றைக்கும் என்னிடம், "சீனி போடலாம்லா?" என்று கேட்கிறார்.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவன் ஞாபகம் என் வீட்டுக்குள்ளும் வந்தது.

ஒருநாள் நானும் என் வீட்டுக்காரி மரகதமும் பழைய பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையூரணி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். இவன் பைக்கை ஓரம் கட்டினான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேரே அவளிடம் பேசினான்.

"மதினி, ஒங்க அம்மைக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணுனாகள்லா? வலது கண்ணுதானே? இப்ப ஊசில நூல் கோக்காகளா?"

மரகதத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கோக்காகளே! எப்பமோ நடந்தது, எப்படி ஞாபகம் வச்சிருக்கீய?"

"இது என்ன, ஒங்க கல்யாணத்துக்கே வந்திருந்தேன்லா. முகூர்த்தப் பட்டு மாம்பழக் கலரு. கரை அரக்கு. முந்தியில அன்னப்பட்சி போட்டிருக்கும்."

பஸ் வந்தது. அவன் போய்விட்டான். வீடு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் மரகதம் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க பாப்போம். என் முகூர்த்தப் பட்டு என்ன கலரு?"

இப்போதுதான் அவன் சொன்னான், அதையே சொன்னால் காப்பி அடித்த மாதிரி இருக்கும் என்று நினைத்து, "அதுக்குள்ள ஒரு செவப்பும் உண்டும்லா?" என்றேன்.

"செவப்பு எங்க சித்தி கெட்டியிருந்தது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். இரண்டு நாள் குழம்பில் உப்பு இல்லை.

ஒரு ஆம்பளைக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? என் கல்யாணத்துக்குச் சாப்பிட வந்தவனுக்கு என் பெண்டாட்டி சேலை நிறம் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் பொறாமை என்று எழுதினால் என் பக்கத்து நியாயம் பலவீனமாகும் என்று ஒருவர் சொன்னார். ஆகட்டும். பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. பொறாமைக்காரன் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா?

எல்லோர் வீட்டிலும் அவன் இப்படித்தான் நுழைந்தான். யார் பிள்ளைக்கு என்ன பரீட்சை, யார் அம்மாவுக்கு எந்தக் காலில் வீக்கம், எவன் வீட்டு நாய் எப்போது குட்டி போட்டது, எல்லாம் அவன் தலையில் இருக்கும். கேட்பான். கேட்டதும் மனிதர்கள் குளிர்ந்துபோவார்கள். நாம் சொன்னதை ஒருவன் வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும். பொங்கலுக்கு எங்கள் எல்லோர் வீட்டிலிருந்தும் அவன் வீட்டுக்குக் கரும்பு போகும். அவன் வாசலில் சாத்தியிருக்கும் கட்டைப் பார்த்தால் கரும்புக் கடை என்று நினைப்பார்கள்.

அதே ஞாபகத்தை வைத்து ஆளைக் குத்தவும் செய்வான். எங்கள் கேங்கில் ஒருவன் எப்போதோ குடித்துவிட்டு, நான் மாடி வீடு கட்டுவேன், நீங்களெல்லாம் அண்ணாந்து பார்ப்பீர்கள் என்று உளறியிருக்கிறான். வருஷங்கள் கழித்து அந்த ஆளின் தகரக் கூரை வீட்டில் காதுகுத்துக்குப் போனோம். சாப்பாடு நடக்கிறது. இவன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, மேலே கீழே பார்த்து, "ஏலே, அண்ணாந்து பாக்கணும்னு சொன்னியே, மாடிய எங்கலே?" என்றான். சிரிப்பான சிரிப்பு. வீட்டுக்காரன் மட்டும் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் எங்களோடு டீ குடிக்க வரவில்லை. நாம் சொன்னது இவனிடம் பத்திரமாக இருக்கிறது என்பது சந்தோஷம். அதுவே பயமும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருதடவை கப்பல் கிளம்பும் நேரத்தில் ஒரு வரிசையில் கம்பி இறுக்காமல் கிடந்தது. போர்மேன் என் பெயரைச் சொல்லி, இவன்தான் விட்டது, கேட் பாஸை வாங்கு என்று கத்தினார். நான் கட்டிய வரிசை இல்லை அது. ஆனால் நான் சொன்னால் யார் கேட்பார்கள்? இவன் முன்னால் வந்தான்.

"சார், அது இவன் கெட்டுன வரிசை இல்ல. நான் கெட்டுனது. இவன் அப்ப தண்ணி குடிக்கப் போயிருந்தான். கிரேன் மேல மஞ்சக் கண்டெய்னர் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

அன்றைக்கு அவனுக்குச் சம்பளம் போயிற்று. என் பாஸ் பிழைத்தது. ஊரே அவனைக் கொண்டாடியது. "அவன்தாம்லே ஆம்பள" என்றார்கள். பழி சுமக்க இருந்தவன் நான். என்னை ஒருவனும் கேட்கவில்லை. நன்றி சொன்னேன். சொல்லும்போது வாய் கசந்தது. ஆனால் ஒன்று மனதில் பதிந்தது: இவனுக்கு முன்னால் நடந்ததை இவன் மாற்றிச் சொல்ல மாட்டான். அதை நம்பித்தான் பின்னால் ஏமாந்தேன்.

இனி ஊசிக்கு வருகிறேன்.

நோய்க் காலம். தடுப்பூசி போடாதவனுக்குக் கேட் பாஸ் இல்லை என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்களை வரவழைத்து, கேன்டீன் கொட்டகையில் மேஜை போட்டுக் கூட்டம் கூட்டமாகப் போட்டார்கள். நாங்கள் போன அன்று கப்பல் வந்து நிற்கிறது. சீக்கிரம், சீக்கிரம் என்று போர்மேன் பின்னால் நின்று விரட்டுகிறார்.

நாங்கள் வேலைக்குப் போடுவது பாய்லர் சூட். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு, முன்னால் ஜிப். முரட்டுத் துணி. கை முழங்கைக்கு மேலே மடங்காது. கப்பல் தளத்தில் அடிக்கும் சூட்டுக்கு உள்ளே நாங்கள் ஜட்டியைத் தவிர ஒன்றும் போடுவதில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊசி போட வந்த பெண்ணுக்குத் தெரியாது.

வரிசையில் நான் முன்னால். அவன் எனக்குப் பின்னால்.

"அண்ணே, கைய நல்லா மேல மடக்குங்க" என்றாள் அந்தப் பெண். சின்ன வயசு. முகமெல்லாம் வேர்வை.

"மடங்காதும்மா."

"அப்ப கழட்டிட்டு வாங்க."

எனக்குப் பின்னாலிருந்து இவன் சொன்னான். "கழட்டுனா நீ ஊசியப் போட்டுட்டு ஓடிருவ தாயி."

கொட்டகையே சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, காலரையாவது இறக்குங்க" என்றாள். நான் ஜிப்பை நெஞ்சுவரை இறக்கினேன். இடது தோள் பக்கம் துணியை இழுத்தால் இறங்கி இறங்கி மேலே ஏறிக்கொள்கிறது. இவன்தான் பின்னாலிருந்து என் காலரைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டான்.

"ஏலே, புதுப்பொண்ணு மாதிரி நெளியாத. தோளத்தான கேக்காக."

எவ்வளவு இழுத்தாலும் அந்த உடுப்பில் தோளின் உச்சி மட்டும்தான் தெரியும். கீழே, சதை இருக்கிற இடம் தெரியாது. அந்தப் பெண் தெரிந்த இடத்தில் குத்தினாள். எலும்பில் போய் நின்றது போல ஒரு வலி. அம்மா என்றேன். அப்போது இவன் சொன்னான். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"எலும்புல போட்டுட்டியே தாயி! கறி கீழல்லா இருக்கு!"

அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவன் முறை. நான் அவன் காலரைப் பிடித்தேன். அவனுக்கும் அதே இடம்.

ஊசி மருந்தை நான் குறை சொல்லவில்லை. என் மனைவிக்கும் அம்மாவுக்கும் அதே மருந்தைத்தான் போட்டார்கள். கல்லுக் குண்டாக இருக்கிறார்கள். அந்தப் பெண்மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவளை அப்படி விரட்டியவர்கள்மீது கோபம். மாற்று உடை கட்டி வாருங்கள் என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லாதவர்கள்மீது கோபம்.

இரண்டு பேருக்கும் தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். மாசக்கணக்கில் சரியாகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் இரண்டு பேரும் போனோம். "மருந்து இத செய்யாது. ஊசி ரொம்ப மேல, மூட்டுக்குள்ள போயிருந்தா இப்படி ஆகலாம். ஆனா எங்க போட்டாங்கன்னு நான் பாக்கலயே. உறுதியா எழுதித் தர முடியாது" என்றார். ஊசி போட்ட அன்று எங்களுக்குக் கொடுத்த சீட்டில் இடது கை என்றுதான் இருக்கிறது. இடது கையில் எந்த இடம் என்று எவன் எழுதுவான்?

வலியிலும் அவன்தான் முந்தினான். அவனைப் பார்க்க வந்த கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. மக்ரூன் டப்பாவாக அவன் வீட்டில் குவிந்தது. என்னைப் பார்க்க டீக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவன் கை எப்படிலே இருக்கு?"

கேஸ் போடலாம் என்று முதலில் சொன்னதும் அவன்தான். காண்டிராக்டர்மீதும் அந்த ஆஸ்பத்திரிமீதும். "நாம ரெண்டு பேரும் சேந்தே போவோம்லே. நீ எனக்குச் சாட்சி, நான் ஒனக்குச் சாட்சி. வேற எவன் வேணும்?" அவன் சொன்ன வார்த்தை இது. அவனைப் போல எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது. இது இருக்கிறது.

இருவருக்கும் ஒரே வக்கீல் மேடம். அவன் கேஸ் முதலில் வந்தது. நான் கூண்டில் ஏறினேன். அவன் காலரை நான்தான் பிடித்திருந்தேன், ஊசி தோள் உச்சியில்தான் இறங்கியது என்று சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் என்னைப் பார்த்து, "எலும்பு எங்க இருக்கு, சதை எங்க இருக்குன்னு சொல்றதுக்கு நீங்க டாக்டரா?" என்றார்.

"இல்ல சார். காலரப் பிடிச்சவன்" என்றேன்.

ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் என் வலது தோளில் தட்டினான். "பெரிய ஆளுலே நீ" என்றான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டத்தில், அவனைவிட நான் பெரிய ஆள். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு அவன் வரவில்லை. மேடமிடமிருந்து தன் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டான் என்றார்கள். ஏன் என்று கேட்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எனக்கு விஷயத்தைச் சொன்னது டீக்கடை அண்ணாச்சி.

"ஒனக்குத் தெரியாதால? அவன் கேசு முடிஞ்சிட்டுல்லா. பேசி முடிச்சிட்டாக."

"யாரு பேசி முடிச்சா?"

"காண்டிராக்டரே ஆள் அனுப்பியிருக்காரு. சமரசம். அவனுக்கு இப்ப கண்டெய்னர் யார்டுல உக்காந்து பாக்குற வேல. உள்ள வார பெட்டி நம்பரப் பாத்துச் சொல்லணுமாம். மில்லர்புரத்துல வீடு பாத்துப் போயிட்டான். நீ என்னலே, இந்தா டீ. சீனி போடலாம்லா?"

எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நான் மில்லர்புரம் போய் அந்த வீட்டைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். வாசலில் கம்பி கேட், புதுப் பெயின்ட். போர்டிகோவில் மாதா சிலை, அதைச் சுற்றி நீல பல்பு. வேப்ப மரத்து நிழலில் அவன் பைக். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எதற்கு மிக்ஸிக்குப் போய் வயிறு எரிய வேண்டும் என்று கேட்காதீர்கள். என் வீட்டில் மரகதம் ஐஸ் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போகிறாள். வந்து அம்மியில் அரைக்கிறாள். நான் உதவ முடியாது. அம்மிக்கு இரண்டு கை வேண்டும்.

அவன் வாங்கியதற்காகவா கோபம்? வாங்கட்டும். அவனுக்கு அடிபட்டது, வாங்கினான். என் சாட்சியில் வாங்கினான். எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியது அவன் முறை.

டீக்கடை அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையூரணியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபம். அவன் வந்திருந்தான். பழைய கேங் ஆட்கள் எல்லோரும் பந்தியில் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கம் போல ஆரம்பித்துவிட்டான். பெண்ணுக்குச் சின்ன வயதில் கன்னத்தில் நாய் பிறாண்டியது, அண்ணாச்சி பதறிப்போய்க் கையிலிருந்த சீனி டப்பாவோடு ரோட்டில் ஓடியது, டப்பாவுக்கு மூடி இல்லாமல் சீனி முழுக்கக் கொட்டியது, எல்லாம் நேற்று நடந்த மாதிரிச் சொன்னான். கல்யாணப் பெண்ணே மேடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது. நானும் மரகதமும் எதிர் இலையில் இருந்தோம்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்.

"ஏலே, கேன்டீன் கொட்டகையில நீ என் காலரப் பிடிச்சல்லா. ஊசி எங்கன எறங்குச்சு?"

அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கொட்டகை?"

"துறைமுகக் கேன்டீன். ‘எலும்புல போட்டுட்டியே தாயி’ன்னியே."

"நானா? அப்படியா சொன்னேன்?" சுற்றிப் பார்த்துச் சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஞாபகம் இல்லலே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. என் கேசு இதுலதான் நிக்கி."

"ஞாபகம் இல்லன்னா விடேன். எவ்வளவு நாளாச்சு."

அதைச் சொல்லும்போது அவன் கண் போன இடத்தை நான் பார்த்தேன். என் முகத்துக்கு வரவில்லை. என் இலைக்கும் போகவில்லை. நேரே என் இடது தோளுக்கு வந்தது. தோளிலும் உச்சிக்கு, எலும்பு முடிகிற அந்த இடத்துக்கு வந்து நின்று, சட்டென்று இறங்கியது. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வெளியில் தெரிய அங்கே ஒரு தழும்பும் இல்லை. ஞாபகம் இல்லாதவன் கண் அங்கே ஏன் போக வேண்டும்?

மரகதம் இலையை மூடினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க ஒன்று கேட்டாள்.

"எஞ் சேல நெறமாவது ஞாபகம் இருக்கா?"

அண்ணாச்சி வந்து, "ஏளா, கல்யாண வீட்டுல என்னளா இது" என்று அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். அவன் ரசம் ஊற்றச் சொன்னான். ஊற்றிய ரசம் இலையில் ஓடியது. தடுக்கக் கை வரவில்லை அவனுக்கு. இடது கை இன்னமும் முழுசாக எழும்பவில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். பரிதாபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

மேடமிடம் சொன்னேன். அவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்கள்.

"நடந்ததப் பத்தி யார்கிட்டயும் பேசமாட்டேன்னு ஒரு வரியில கையெழுத்து வாங்கியிருப்பாங்க. அது கோர்ட்டக் கட்டுப்படுத்தாது. சம்மன் அனுப்பி அவர வரவழைக்கலாம். ஆனா கூண்டுல ஏறி ஞாபகம் இல்லன்னு சொன்னா நான் என்ன செய்ய முடியும்? ஞாபகம் இருக்குன்னு எப்படி நிரூபிப்பேன்?"

"அந்த ஊசி போட்ட பொண்ணு?"

"அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. ஆயிரம் பேருக்குப் போட்டவங்களுக்கு உங்க தோள் எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

"கொட்டகையில அத்தன பேரு இருந்தாகளே?"

"சிரிச்சவங்கதானே? எங்க குத்துனாங்கன்னு பாத்தவங்க யாரு? அவர் ஒருத்தர்தான்."

இப்போது என்னையும் சமரசத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் கொடுப்பார்களாம். அவனுக்குக் கொடுத்தது மாதிரி இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு. அதற்கு நான் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். என் தோளில் ஏற்கெனவே பழைய காயம் இருந்தது, ஊசிக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இல்லை என்று. மேடம் அதைப் படித்துக் காட்டினார்கள். இதில் கையெழுத்துப் போட்டால் நான் யார்? பழைய காயத்தை மறைத்து கேட் பாஸ் வாங்கிய திருடன். பிறகு தூத்துக்குடியில் எந்தக் காண்டிராக்டர் என்னை உள்ளே விடுவார்? கை கொஞ்சம் தேறினாலும் கொக்கி மாட்டும் வேலை எனக்கு இனி இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். கையெழுத்துப் போடாவிட்டால் கேஸ் நடக்கும். சாட்சி இல்லாத கேஸ். தோற்றால் அந்தக் கொஞ்சமும் இல்லை.

அடுத்த சமரசப் பேச்சில் பதில் சொல்ல வேண்டும். மரகதம், "போட்டுத் தொலைங்க" என்று ஒருநாள் சொல்கிறாள். மறுநாள், "போட்டீயன்னா வீட்டுக்கு வராதீய" என்கிறாள். இரண்டும் நியாயம்தான்.

ஆகவே உன்னிடமே கேட்கிறேன். இனி அவன் இவன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

நீ வாங்கியது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நீயே வைத்துக்கொள். எதில் கையெழுத்துப் போட்டாய் என்றும் கேட்கவில்லை. உன் வேலை போய்விடும் என்று பயந்தால் அந்தப் பயம் எனக்குப் புரியும். எனக்கு வேலை போய் நாளாகிவிட்டது. ஆனால் நீ கொடுத்த வாக்கு என்னிடம் கொடுத்தது. காண்டிராக்டர் உன்னிடம் எழுதி வாங்குவதற்கு ரொம்ப முன்னால், நம் இரண்டு பேர் தோளும் ஒரே மாதிரி வலித்துக்கொண்டிருந்தபோது கொடுத்தது.

அந்தச் சமரசப் பேச்சுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் தொழிலாளர் சங்கப் பொதுக்கூட்டம். சங்க ஆபீஸ் முன்னால் பந்தல் போடுவார்கள். மைக் இருக்கும். பழைய ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். நீ கோர்ட்டுக்கு வரவேண்டாம், இங்கே வா. நான் முன்வரிசையில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். மைக்கைப் பிடித்து எதை வேண்டுமானாலும் சொல். ஞாபகம் இல்லை என்றால் அதையே அத்தனை பேர் முகத்தையும் பார்த்துச் சொல். இருக்கிறது என்றால் பேசக்கூட வேண்டாம். கீழே இறங்கி வந்து, எந்த இடம் என்று என் தோளில் விரலை வைத்துக் காட்டு.